பிணை கிடைத்த பிறகும் சிறையில் இருப்பவர்கள்: மாவட்ட மறுஆய்வுக் குழுக்களால் எதைச் செய்ய முடியும்?

மணல்மேடு · 3 மார்ச் 2025, இரவு 9.15

தென் மாவட்டம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகச் சட்டத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். வாரத்தில் ஒரு நாள் கிளைச் சிறைக்கும், மாதத்தில் இரண்டு நாள் மத்திய சிறைக்கும் சென்று, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களிடம் மனு வாங்கி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேர்ப்பது என் வேலை.

சென்ற மாதம் மத்திய சிறையில் ஒருவரைச் சந்தித்தேன். இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. அதற்கு முன் அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. அவருக்குப் பிணை வழங்கி நீதிமன்றம் உத்தரவிட்டு எழுபது நாள் கடந்திருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு இருக்கும் ஒரே இரத்த உறவு அக்கா. அந்த அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டு வரி ரசீதும் இல்லை, சொத்து மதிப்புச் சான்றும் இல்லை, நீதிமன்றத்துக்கு வந்து போனால் ஒரு நாள் கூலியும் போய்விடும். இதையெல்லாம் விட என்னைத் திகைக்க வைத்தது, தமக்குப் பிணை கிடைத்துவிட்டது என்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது என்பதுதான்.

அன்று முழுவதும் ஒவ்வோர் இடமாக விசாரித்தேன். நீதிமன்றத்தில் அது முடிந்த மனு. சிறையில் அவர் விடுவிப்பு ஆணை வராத கைதி. காவல் நிலையத்தில் குற்றப்பத்திரிகை தயாராகிக்கொண்டிருந்தது. அவருடைய வழக்கறிஞரைப் பொறுத்தவரை பிணை மனுவோடு அவர் பொறுப்பு முடிந்திருந்தது. யாரும் தவறு செய்ததாக ஒரு தாளிலும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் எழுபது நாள் கூடுதலாக உள்ளே இருந்திருக்கிறார்.

இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் 5,73,220 பேர் இருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். மொத்தக் கொள்ளளவோ 4,36,266 தான். தண்டனை பெற்றவர்கள் ஒருவரும் இல்லாவிட்டாலும் விசாரணைக் கைதிகளே ஏறக்குறைய எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார்கள் என்பது இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதற்காகவே மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், ஆணைக்குழுச் செயலர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் உறுப்பினர்கள். ஒருவரை உள்ளே வைக்கவும் வெளியே விடவும் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். அப்படியிருந்தும் மேலே சொன்னவரின் பெயர் அந்த மேசைக்கு எப்படி வராமல் போனது? உங்கள் மாவட்டங்களில் இது எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

பொருநைக்கரை · 3 மார்ச், இரவு 11.02

குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது விதிவிலக்கன்று. 2023 இல் உச்ச நீதிமன்றத்தின் முன் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வைத்த விவரத்தின்படி, பிணை கிடைத்தும் சிறையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பெயர் பெயராகத் தேடிய பிறகு அவர்களில் 1,417 பேர் வெளியே வந்தார்கள். தேடினால் வெளியே வரக்கூடியவர்கள் இத்தனை பேர் என்றால், தேடாமல் விட்ட ஆண்டுகளின் கணக்கை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

இந்தக் குழுக்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி 2013 இல் நாட்டின் 1,382 சிறைகளின் நிலை பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில்தான், 2015 ஏப்ரலில், மாவட்டந்தோறும் மறுஆய்வுக் குழு வேண்டும் என்ற உத்தரவு வந்தது. முதலில் மூவர் மட்டுமே உறுப்பினர்கள். ஆணைக்குழுச் செயலரும் சிறைக் கண்காணிப்பாளரும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடிய இருவரும் இல்லாமலேயே அந்த மேசை முதலில் போடப்பட்டது.

2018 இல் வந்த செயல்முறை, குழு பார்க்க வேண்டியவர்களை 14 வகையாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதியை ஏற்கெனவே கழித்தவர்கள், பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் தர முடியாதவர்கள், சமரசம் செய்துகொள்ளத்தக்க வழக்கில் உள்ளவர்கள், 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராதவர்கள், நோயாளிகள், பெண்கள், மனநலம் குன்றியவர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. உங்கள் எழுபது நாள் மனிதர் இரண்டாவதாகச் சொன்ன வகைக்குள் வெளிப்படையாகவே வருகிறார். பின் ஏன் வரவில்லை என்றால், பெரும்பாலான இடங்களில் சிறையிலிருந்து வரும் பட்டியல் முதல் வகைக்காக மட்டுமே எடுக்கப்படுகிறது. கைதான தேதியையும் சட்டப்பிரிவையும் வைத்துக் கணினியே கழித்துச் சொல்லிவிடும் என்பதால் அது எளிது. பிணை உத்தரவு ஆனதா, ஆகியும் ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு ஆள் வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆவது பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலே பிணையில் விடப் போதும் என்கிறது. மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்தில் போட வேண்டும் என்றும் சொல்கிறது. அச்சட்டம் வருவதற்கு முன்பே உள்ளே போனவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நல்லதுதான். ஆனால் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு ஓராண்டு ஆகிறது. ஜாமீன்தாரர் இல்லாதவருக்கு ஓராண்டு கழித்து இந்தப் பிரிவு கை கொடுப்பது பெரிய உதவியாகாது. மேலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருப்பவரை அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு விலக்கி வைக்கிறது.

ஜவ்வாதுவாசி · 4 மார்ச், காலை 6.40

எங்கள் பக்கத்து நிலையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செம்மர வழக்கில் ஆந்திரத்துச் சிறைகளில் இருக்கும் எங்கள் மலைக்காரர்களுக்கு உத்தரவு கிடைப்பதை விட ஜாமீன்தாரர் கிடைப்பதுதான் கடினம். உள்ளூர்க்காரர் வேண்டும் என்பார்கள். கடப்பையிலும் நெல்லூரிலும் எங்களுக்கு யாரைத் தெரியும்? காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்கள் கேட்கும் தொகையைப் புரட்ட நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அவர்கள் மரம் வெட்டப் போனதே அந்த நிலத்தை மீட்கத்தான்.

பொருநைக்கரை · 4 மார்ச், காலை 8.10

ஐயா, நீங்கள் சொல்வதை 1978 இலேயே உச்ச நீதிமன்றம் தவறு என்று சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட நடுவர், அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்த மறுப்பைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு அவர் தாமே எழுதித் தரும் சொந்தப் பிணைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு அவரை விடுமாறு உத்தரவிட்டார். கிருஷ்ண ஐயர் 1948 இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர்; 1957 இல் கேரளத்தில் அமைச்சரானபோது சிறைத்துறையையும் பார்த்தவர். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும்.

உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 ஆம் தேதி உத்தரவிலும் உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்தும் காரணமாகக் குறிப்பிடப்பட்டு, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் மலைக்கு வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

பழைய பதிவேடு · 4 மார்ச், பிற்பகல் 2.25

சிறைத்துறை அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மணல்மேடு கேட்ட கேள்விக்கு, தாள் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கைதிக்குப் பிணை உத்தரவு ஆனதும் அவர் வெளியே வந்துவிட மாட்டார். ஜாமீன்தாரர்கள் நீதிமன்றத்துக்கு வந்து, அவர்களுடைய அடையாளமும் வீட்டு வரி ரசீதும் சரிபார்க்கப்பட்டு, பத்திரம் ஏற்கப்பட்ட பிறகே விடுவிப்பு ஆணை எழுதப்படும். சிறைக்கு வரும் தாள் அதுதான். பிணை உத்தரவின் நகல் சிறைக்கு வந்தாக வேண்டும் என்ற வழக்கம் என் காலத்தில் இல்லை. ஆகவே ஒருவருக்குப் பிணை கிடைத்திருக்கிறது என்பது சிறை அலுவலகத்துக்குத் தெரிய வருவதே அவர் வெளியே போகும் நாளில்தான். போகாதவர்களைப் பற்றி எங்களிடம் தகவல் இருப்பதற்கு வழியே இல்லை. குழுவுக்குப் பட்டியல் அனுப்பச் சொன்னபோது நாங்கள் அனுப்பியது எங்கள் பதிவேட்டில் இருந்ததை மட்டும்.

2023 ஆம் ஆண்டு உத்தரவு இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. உத்தரவிட்ட அன்றே அல்லது மறுநாளே அதன் மென்பிரதியை மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பிக் கைதியிடம் சேர்க்க வேண்டும். அந்தத் தேதியைச் சிறை மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் தாக்கலாகாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு மத்திய சிறைக்கு எத்தனை நீதிமன்றங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து மாவட்டங்களின் நடுவர் நீதிமன்றங்கள், அமர்வு நீதிமன்றங்கள், போதைப்பொருள் வழக்குக்கான சிறப்பு நீதிமன்றம், அதன் மேல் உயர் நீதிமன்றம். இவற்றில் ஓர் எழுத்தர் அனுப்ப மறந்தாலும் சிறையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். வெறுமையான கட்டத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் பணியிலிருந்த கடைசி மூன்று ஆண்டில் எங்கள் கண்காணிப்பாளர் ஒன்று செய்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை, தொகுதி தொகுதியாகப் போய், பதினைந்து நாளுக்கு மேல் இருக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்விகள் கேட்கச் சொன்னார். உனக்கு வக்கீல் யார்? கடைசியாக நீதிமன்றம் போன நாள் என்ன? உன்னைப் பார்க்க யாராவது வந்தார்களா? மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை என்று சொன்னவர்களின் பெயரை மட்டும் தனித் தாளில் எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்பினோம். அந்தத் தாளில் இருந்தவர்களில் பலருக்குப் பிணை ஏற்கெனவே ஆகியிருந்தது. பார்க்க வருபவர்களை எழுதும் நேர்காணல் பதிவேடு எல்லாச் சிறையிலும் இருக்கிறது. சந்திக்க ஒருவரும் வராத கைதியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் அந்த வழக்கமும் நின்றுவிட்டது.

கார்முகில் · 4 மார்ச், இரவு 8.50

இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். என் தம்பியைச் சாதிப் பகையில் வெட்டினார்கள். அவன் பிழைத்தான், வலது கை பழையபடி இல்லை. வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நடக்கிறது. எதிரிகளில் இருவருக்குப் பிணை கிடைத்த செய்தி எங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. அவர்கள் எங்கள் தெரு வழியாக வண்டியில் போனதைப் பார்த்து அம்மா வந்து சொன்னார். அச்சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை விசாரணை உட்பட எல்லா நடவடிக்கைகளையும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

சிறையில் ஆள் குறைய வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் எழுதும்போது, அந்த மேசையில் எங்களுக்கு ஒரு நாற்காலி இல்லையே என்பதுதான் என் மனத்தில் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்களிலும் எங்கள் மக்கள்தான் மிகுதி என்பது எனக்குத் தெரியும். ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடப்பவன் எங்கள் தெருக்காரன். ஒரே வாரத்தில் ஜாமீன்தாரரோடு வருபவன் எங்களை வெட்டியவன். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் நடக்கிறது.

மணல்மேடு · 4 மார்ச், இரவு 9.30

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் மறுமொழி எழுத முடியவில்லை. உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் நான் சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமல் இருந்தவை. சொத்து உள்ளவனை ஜாமீன் நிபந்தனை தடுப்பதே இல்லை. அவனால் யாருக்கு ஆபத்து என்று அது கேட்பதும் இல்லை.

மறுஆய்வுக் குழு யாரையும் விடுவிப்பதில்லை, பரிந்துரை மட்டுமே செய்கிறது. உத்தரவு அந்தந்த நீதிமன்றத்துடையது. ஆனால் பரிந்துரைக்கும் இடத்திலேயே, பாதிக்கப்பட்டவர் யார், அவருக்குத் தகவல் போயிற்றா என்று ஒரு வரி கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. காவல் கண்காணிப்பாளர் அங்கேதான் அமர்ந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ. · 5 மார்ச், காலை 7.20

வெளியே விடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே போகும் வாசலையும் பாருங்கள். 2014 இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமல்ல, ஏன் கைது செய்தோம் என்று காரணம் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும், நடுவரும் அதைப் படித்துப் பார்த்தே காவலில் வைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எங்கள் நிலையத்துக்கு அதற்கான அச்சடித்த படிவம் வந்தது. எல்லாக் காரணங்களும் அதில் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சரி என்று குறி போட்டு வைத்துவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன், இன்று அதற்காக வருந்துகிறேன்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் கைதானபோது அவர்கள் மீது போடப்பட்ட பிரிவுகளில் ஒன்றுகூட ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரியதல்ல. கொரோனா காலத்தில் சிறையைக் குறையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் மாதமே சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போனார்கள். ரிமாண்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருந்தால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. தடுப்புக் காவலில் ஆட்களை வைப்பதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் நம்முடையது. 1982 ஆம் ஆண்டின் 14 ஆவது சட்டப்படி, குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது, உத்தரவில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர், மாநகரமானால் ஆணையர். பிணை கிடைக்கப் போகிறது என்று தெரிந்ததும் கோப்பு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். விசாரணைக் கைதியாக இருந்தவர் தடுப்புக் கைதியாக மாறிவிட்டால் மறுஆய்வுக் குழுவின் பட்டியலிலிருந்தும் நழுவிவிடுகிறார். தமிழ்நாட்டுச் சிறைகளில் மொத்தத்தில் இடநெருக்கடி இல்லை என்று சொல்லி நாம் ஆறுதல் கொள்ளக்கூடாது. இடம் இருப்பதால் ஒருவரை வைத்திருப்பது நியாயமாகிவிடாது.

ராரிட்டன்கரை · 5 மார்ச், இரவு 10.05

நியூஜெர்சியில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன். அங்கேயும் அப்படியே செய்யலாம் என்று சொல்ல வரவில்லை.

இங்கே ஜாமீன் என்றால் பணம். 2013 இல் வந்த ஓர் ஆய்வு, மாவட்டச் சிறைகளில் இருந்தவர்களில் 38.5 சதவீதத்தினர் ஜாமீன் தொகை கட்ட முடியாததால் மட்டுமே உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டியது. 12 சதவீதத்தினருக்குத் தேவைப்பட்டது 2,500 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அந்த ஆண்டே மாநிலத் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தார். நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்கள், சட்டமன்றத்தின் சார்பிலும் ஆளுநர் அலுவலகத்தின் சார்பிலும் ஆட்கள் என்று வழக்கமாக எதிரெதிராக நிற்பவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 2014 இல் அரசமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். 2017 ஜனவரி 1 முதல் பண ஜாமீன் ஏறக்குறைய இல்லாமலேயே போனது. கைதாகிச் சிறைக்கு வந்தவரை விடுவதா என்பதை 48 மணி நேரத்துக்குள் முடிவு செய்கிறார்கள். ஆபத்தானவர் என்று கருதினால் அரசு வழக்கறிஞர் தனி மனு போட்டு, விசாரணை நடத்தி, காரணம் காட்டித் தடுத்து வைக்கலாம். அவர் எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் பணம் கட்டி வெளியே வர முடியாது. கார்முகில் அம்மா சொன்ன இரட்டை நிலைக்கு இது ஒரு விடையாகத் தோன்றுகிறது.

2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையில் இங்கே விசாரணைக்கு முந்தைய கைதிகள் சுமார் 44 சதவீதம் குறைந்தார்கள். வெளியே விட்டவர்கள் நீதிமன்றத்துக்கு வரமாட்டார்கள் என்ற அச்சம் இருந்தது. ஆஜராகும் விகிதம் 2014 இல் 92.7 சதவீதமாக இருந்தது 2017 இல் 89.4 ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். வாய்தா நாளை நினைவூட்டிச் செய்தி அனுப்பவும், வெளியே இருப்பவரோடு தொடர்பில் இருக்கவும் நீதித்துறையிலேயே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். இதற்குச் செலவும் ஆகிறது, ஆட்களும் வேண்டும்.

பழைய பதிவேடு · 6 மார்ச், காலை 9.00

அவர் சொன்னதில் என்னைக் கவர்ந்தது 48 மணி நேரம். நம்மிடம் ஏழு நாள், ஒரு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று எல்லாமே நீளமான அளவைகள். கிளைச் சிறைக்கு வருபவருக்கு முதல் ஏழு நாள்தான் வேலை போகிற காலம், வீட்டார் அலைகிற காலம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு அவரைச் சந்திக்கும்போது இழக்க வேண்டியதை எல்லாம் அவர் இழந்திருப்பார்.

பொருநைக்கரை · 6 மார்ச், இரவு 10.40

ஒன்றை விட்டுவிட்டோம். 2023 இல் ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் வந்தது. ஆட்சியர், ஆணைக்குழுச் செயலர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், மாவட்ட நீதிபதி நியமிக்கும் ஒரு நீதிபதி ஆகியோர் கொண்ட மாவட்ட அளவிலான குழு, பிணைத் தொகை கட்ட முடியாத ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை நீதிமன்றத்தில் கட்டலாம் என்று அந்த ஆண்டு விதி சொன்னது. தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை. போதைப்பொருள், பணமோசடி, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

நல்ல எண்ணத்தில் வந்த திட்டம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது ரொக்கமல்ல, ஆள். சொத்தோ வரி ரசீதோ உள்ள இரண்டு மனிதர்களைக் கேட்கும் நிபந்தனைக்கு 40,000 ரூபாய் எப்படிப் பொருந்தும்? ஆளுக்குப் பதில் பணம் கட்டினால் போதும் என்று முதலில் அந்த நிபந்தனையை மாற்றச் சொல்லி மனு போட வேண்டும். அந்த மனுவைப் போடுவது யார் என்று திட்டத்தில் தேடினால் மறுபடியும் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம்தான் வந்து நிற்கிறோம். அப்படியானால் மனு போடும்போதே சொந்தப் பிணைப் பத்திரத்தில் விடுங்கள் என்று கேட்டுவிடலாம் என்பது என் கட்சி.

தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர் 10.30 மணிக்கு நிலையத்தில் நின்றால் அன்றைய வேலை இல்லை. வேலை இல்லாதவர் சில நாளில் கையெழுத்திடப் போவதை நிறுத்துவார். பிணை ரத்தாகி வாரண்ட் பிறக்கும். அடுத்த முறை அவர் உள்ளே வரும்போது பிணை நிபந்தனையை மீறியவராக இருப்பார். மாலை ஆறு மணி என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

மணல்மேடு · 21 மார்ச், இரவு 9.05

இங்கே எழுதியவர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய பதிவேடு ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் ஆணைக்குழுச் செயலரிடம் காட்டினேன். சார்பு நீதிபதி நிலையில் இருப்பவர், பொறுமையாகக் கேட்டார். சிறைக் கண்காணிப்பாளரிடம் பேசி, நேர்காணல் பதிவேட்டில் முப்பது நாளாக யாரும் வராதவர்களின் பெயர்களை எடுக்க அனுமதி வாங்கித் தந்தார். நானும் இன்னொரு தன்னார்வலரும் இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தோம். பத்தொன்பது பேர்.

அவர்களுடைய வழக்கு எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஆறு பேருக்குப் பிணை ஆகியிருந்தது. நால்வருக்குக் குற்றப்பத்திரிகைக் கெடு முடிந்தும் பிணை மனு போட ஆளில்லை. இருவர் வட மாநிலத் தொழிலாளர்கள். தமிழோ ஆங்கிலமோ தெரியாது, அவர்களிடம் பேசுவதற்கு மேத்திரி ஒருவரை அழைத்துப் போனோம். ஒருவருடைய பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததால் விடுவிப்பு ஆணை வந்து திரும்பிப் போயிருந்தது. மற்றவர்களின் வழக்கு கொலை, பாலியல் குற்றம் போன்றவை. அவற்றை நாங்கள் தொடவில்லை. வழக்கறிஞர் இருக்கிறாரா என்று மட்டும் உறுதி செய்தோம்.

குழுக் கூட்டத்தில் இந்தத் தாள் வைக்கப்பட்டது. என்னை உள்ளே அழைக்கவில்லை, வெளியே காத்திருந்தேன். ஆறு பேருக்கும் நிபந்தனை தளர்த்த மனு போடப் பரிந்துரை ஆனது. எழுபது நாள் மனிதர் என்று நான் எழுதியவர் இம்மாதம் 18 ஆம் தேதி சொந்தப் பிணையில் வெளியே வந்தார். அதற்குள் நூறு நாளாகிவிட்டது. அக்கா விடுப்புக் கிடைக்காமல் வரவில்லை. பேருந்துக் கட்டணத்தைத் தொலைபேசி வழியாக அனுப்பினார்.

கார்முகில் அம்மாவுக்கு: தாளில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தேன். செயலர் அதை வைத்துக்கொண்டார். காவல்துறை அந்தக் கட்டத்தை நிரப்புமா என்று அடுத்த கூட்டத்தில்தான் தெரியும். நிரப்பாவிட்டால் மறுபடியும் கேட்பேன்.

கார்முகில் · 21 மார்ச், இரவு 9.48

கேளுங்கள். பதிலை இங்கே எழுதுங்கள்.

ஜவ்வாதுவாசி · 22 மார்ச், காலை 6.15

எங்கள் ஆட்கள் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்களின் பெயரை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது?

பொருநைக்கரை · 22 மார்ச், காலை 8.30

உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே கொடுக்கலாம் ஐயா. காவலில் இருக்கும் எவருக்கும் 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. எந்த மாநிலத்துக்காரர் என்ற பேச்சே இல்லை. இங்கிருந்து அந்த மாவட்டத்து ஆணைக்குழுவுக்கு எழுதுவார்கள். பெயர், தந்தை பெயர், ஊர், கைதான நாள், சிறை ஆகியவை போதும். குற்ற எண் தெரியாவிட்டால் அங்கே சிறைப் பதிவேட்டில் எடுத்துக்கொள்வார்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வரவேண்டாம். மோதி ராம் தீர்ப்பின் நகலையும் 2023 உத்தரவின் நகலையும் நான் அனுப்பி வைக்கிறேன், இரண்டையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஜவ்வாதுவாசி · 22 மார்ச், இரவு 7.55

இரண்டு பேருடைய விவரம் முழுமையாக இருக்கிறது. மூன்றாமவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று வீட்டாருக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் பேருந்தில் அவருடைய மனைவியையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகிறேன்.